மின்சாரமும் கிணறும் ஒரே கணக்கு

(சென்னை திருவல்லிக்கேணியில், ஊராட்சி உறுப்பினர்களுக்கும் உழவர்களுக்கும் நடைபெற்ற பயிற்சி வகுப்பில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



கிராமங்களிலிருந்து வந்துள்ள நாம் இன்று நகரத்தின் நடுவே கூடியிருக்கிறோம். ஆயினும், இவ்வூரின் பெயர் ஒரு நீர்நிலையின் பெயரேயாகும். அல்லி மலர்ந்த கேணி இருந்தமையால் இது அல்லிக்கேணி ஆயிற்று. திருக்கோயிலின் சிறப்பால் திருவல்லிக்கேணி ஆயிற்று. இன்று நமக்குத் தரப்பட்டுள்ள பொருளோ மின்சாரச் சிக்கனம். கேணிக்கும் மின்சாரத்திற்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். கிராமத்தைப் பொறுத்தவரை இவ்விரண்டும் ஒரே கணக்கு என்பதுதான் நாம் இங்கு எடுத்துக்கூற விரும்புவது.

நகரத்தில் மின்சாரம் விளக்குக்கும், விசிறிக்கும், குளிர்சாதனத்திற்கும், தொழிற்சாலை எந்திரங்களுக்கும் செலவாகிறது. நம் வயல்களில் அது செய்யும் பெரிய வேலை ஒன்றே. ஆழத்திலுள்ள தண்ணீரை மேலே ஏற்றுவதே அவ்வேலை. ஊராட்சியிலும் தெருவிளக்குக்கு அடுத்தபடியாக, குடிநீரை ஏற்றுவதற்கே அது செலவாகிறது. ஆகவே, மின்சாரத்தை வீணாக்காமல் இருக்கவேண்டுமாயின், நீரைப் பற்றியே முதலில் சிந்தித்தாக வேண்டும்.

சிக்கனம் என்றவுடன் இருட்டில் உட்கார்ந்திருப்பது என்று பொருள்கொள்ளலாகாது. ஓட்டை வாளியால் இறைப்பவர் பத்து முறை இறைத்து ஆறு வாளித் தண்ணீரே பெறுவார். ஓட்டையை அடைத்துக்கொண்டவர் ஆறே முறை இறைத்து அதே ஆறு வாளி நீரைப் பெறுவார். இருவருக்கும் கிடைத்த நீர் ஒன்றே. பட்ட பாடுதான் வேறு. குறைந்த சக்தியைக் கொண்டு அதே வேலையை முடிப்பதற்குத்தான் எரிசக்தித் திறன் என்று பெயர்.

மின்சாரம் வரும் வழி

நீலகிரியில் பைகாரா நீர்மின் நிலையம் 1932-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியபின், கோவை மாவட்டக் கிணறுகளில் கமலை இறைத்த காளைகளுக்கு மெல்ல ஓய்வு கிடைத்தது. 1957-ஆம் ஆண்டில் மின்வாரியம் அமைந்தது. அதன்பின் மின்கம்பிகள் சிற்றூர்தோறும் சென்றன. சிறு உழவர்களுக்கு 1984-ஆம் ஆண்டிலும், எல்லா உழவர்களுக்கும் 1990-ஆம் ஆண்டிலும் இலவச மின்சாரம் வழங்கப்பட்டது. இன்று இம்மாநிலத்தில் இருபது இலட்சத்திற்கும் மேற்பட்ட பம்பு செட்டு இணைப்புகள் உள்ளன. உழவருக்குக் கிடைத்த இச்சலுகையைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. விலையில்லாப் பொருளுக்கும் ஓர் அடக்கவிலை உண்டு என்பதை மட்டும் நாம் மறக்கலாகாது.

அவ்வடக்கவிலை யாது? ஒடிசா மாநிலச் சுரங்கங்களில் வெட்டப்படும் நிலக்கரி, கப்பலேறி எண்ணூர்த் துறைமுகத்தில் வந்து இறங்குகிறது. அனல்மின் நிலையத்தில் ஒரு யூனிட் மின்சாரம் உண்டாக்க ஏறத்தாழ முக்கால் கிலோ நிலக்கரி எரிகிறது. அந்நிலக்கரியின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாக மாறுகிறது. எஞ்சியது புகையிலும் வெந்நீரிலும் போய்விடுகிறது. கம்பிவழியே வரும்போது மேலும் ஒரு பகுதி குறைகிறது. இவ்வளவையும் கடந்து வயலுக்கு வந்து சேரும் மின்சாரத்தில், பழைய பம்பு செட்டு நான்கில் ஒரு பங்கை மட்டுமே நீரை ஏற்றப் பயன்படுத்துகிறது. ஆகவே, நூறு பங்கு வெப்பத்தை எரித்து ஏழெட்டுப் பங்கு வேலையைத்தான் நாம் பெறுகிறோம்.

இதிலிருந்து மகிழத்தக்க முடிவொன்றும் கிடைக்கிறது. வயலில் ஒரு யூனிட் மிச்சமானால், கம்பியில் இழப்பாகும் மின்சாரமும், நிலையத்தில் எரியும் கரியும் சேர்ந்தே மிச்சமாகின்றன. கடைக்கோடியில் செய்யும் சிக்கனத்திற்கே பலன் மிகுதி. அக்கடைக்கோடி நம் கையில் இருக்கிறது.

ஆழத்தின் விலை

இனி ஒரு சிறு கணக்கு. ஒரு யூனிட் மின்சாரம் சிறிதும் வீணாகாமல் பயன்படுமாயின், 10 மீட்டர் ஆழத்திலிருந்து ஏறத்தாழ 36,700 லிட்டர் தண்ணீரை மேலேற்றும். 30 மீட்டர் ஆழமாயின் 12,200 லிட்டர் ஏற்றும். 300 மீட்டர், அதாவது ஏறத்தாழ ஆயிரம் அடி ஆழமாயின், 1,200 லிட்டர்தான் ஏற்றும். எந்தப் பம்பும் முழுத் திறனில் ஓடுவதில்லை. நூற்றுக்கு நாற்பது பங்கு திறனுள்ள நல்ல பம்பு என்று கொண்டால், ஒரு யூனிட்டுக்குக் கிடைக்கும் நீர் முறையே 14,700 லிட்டர், 4,900 லிட்டர், 490 லிட்டர் ஆகும்.

கோவை, திருப்பூர்ப் பகுதிகளில் ஆயிரம் அடிக்கும் கீழே சென்ற ஆழ்துளைக் கிணறுகளை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். பாட்டனார் காலத்துத் திறந்த கிணற்றில் ஒரு யூனிட்டுக்குக் கிடைத்திருக்கக்கூடிய நீரை இன்று பெற, முப்பது யூனிட் தேவைப்படுகிறது. எவ்வளவு உயர்ந்த மோட்டாரை வாங்கினாலும் இந்த முப்பது மடங்கை அதனால் ஈடுசெய்ய இயலாது. நீர்மட்டத்தை உயர்த்துவதற்கு இணையான மின்சாரச் சிக்கனம் வேறு இல்லை.

இதற்குச் சான்று இந்நகரிலேயே இருக்கிறது. 2003-ஆம் ஆண்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அடுத்துவந்த ஆண்டுகளில் சென்னையின் பல பகுதிகளில் கிணற்று நீர் மட்டம் உயர்ந்தது. உயர்ந்த ஒவ்வொரு மீட்டரும் அவ்வீட்டு மோட்டாரின் வேலையைக் குறைத்தது. எனினும், பராமரிப்பின்றி விட்ட இடங்களில் அந்நற்பயன் நிலைக்கவில்லை. மழை பொய்த்து 2019-ஆம் ஆண்டுக் கோடையில் ஏரிகள் வறண்டபோது, நகர மக்கள் குடங்களுடன் லாரிக்குக் காத்து நின்றதை நாடே கண்டது.

மறுபுறச் சான்றும் தொலைவில் இல்லை. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில், 1960-களின் இறுதியிலிருந்து அளவுக்கு மீறி நிலத்தடி நீர் இறைக்கப்பட்டமையால், கடல்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் தூரம் உட்புகுந்தது. நன்செய்க் கிணறுகள் உவர்த்தன. உவர்நீரை இனிப்பாக்கும் மோட்டார் எந்தக் கடையிலும் விற்பதில்லை.

உழவர் செய்யத்தக்கவை

“மின்சாரம் இலவசமாயிற்றே, விலை கொடுத்து நல்ல மோட்டாரை நாங்கள் ஏன் வாங்கவேண்டும்?” என்று உழவர்கள் எங்களைக் கேட்பதுண்டு. நேர்மையான கேள்விதான். அதற்கு நேர்மையாகவே விடை கூறவேண்டும். மின்கட்டணத்தில் உழவருக்கு மிச்சம் ஏதுமில்லை என்பது உண்மை. ஆயினும் காயில் கட்டும் கூலி அவருடையது. தண்ணீர் பாயாமல் வாடும் பயிர் அவருடையது. ஆண்டுக்காண்டு ஆழமாக்கும் கிணற்றுக்கு வாங்கும் கடனும் அவருடையதே. இம்மூன்றும் பம்பு செட்டின் திறனோடு பிணைந்தவை.

முதற்கண் பம்பை அளந்து பார்த்தல் வேண்டும். 200 லிட்டர் பீப்பாய் ஒன்றும் கைக்கடிகாரமும் போதும். 20 மீட்டர் ஆழத்திலிருந்து நீரேற்றும் 5 குதிரைத்திறன் மோட்டார் அப்பீப்பாயை 40 வினாடியில் நிரப்புவதாகக் கொள்வோம். அது செய்யும் பயனுள்ள வேலை ஏறத்தாழ 1 கிலோவாட். அது கம்பியிலிருந்து வாங்குவதோ ஏறத்தாழ 4 கிலோவாட். நான்கில் மூன்று பங்கு வீண் என்பது அங்கேயே விளங்கிவிடும். அதே பீப்பாய் 25 வினாடியில் நிரம்புமாயின், பம்பு ஓரளவு நல்ல நிலையில் இருப்பதாகக் கொள்ளலாம்.

அடுத்து, செலவின்றியோ சிறு செலவிலோ செய்யக்கூடியவை சில உண்டு. நீர் வெளியேறும் குழாயின் வாய் தொட்டிக்கு மேலே நான்கடி உயரத்தில் நின்று, தண்ணீர் அருவிபோல் கொட்டுவதைப் பல தோட்டங்களில் காண்கிறோம். பார்வைக்கு அழகுதான், ஆனால் பன்னிரண்டு மீட்டர் ஏற்றும் கிணற்றில் இந்நான்கடி பத்தில் ஒரு பங்கு மின்சாரத்தை வீணாக்குகிறது. குழாய் வாயைத் தாழ்த்துவதற்கு ஒரு நாள் வேலை போதும். உறிஞ்சு குழாய் குறுகலாக இருத்தல், தேவையற்ற வளைவுகள், அடைபட்ட புட்வால்வு ஆகியவையும் பம்பின் உழைப்பை விழுங்குவனவே. கிணற்றின் ஆழத்திற்கும் தேவைப்படும் நீருக்கும் பொருத்தமான பம்பைத் தேர்ந்தெடுப்பதும் இன்றியமையாதது. பக்கத்துத் தோட்டக்காரர் பத்து குதிரைத்திறன் போட்டார் என்பதற்காக நாமும் போடுவது சரியன்று.

மின்னழுத்தக் குறைவைப் பற்றியும் கூறியாக வேண்டும். அழுத்தம் குறைவதால் உழவர் பெரிய மோட்டாரை வைக்கிறார். பெரிய மோட்டார்கள் பெருகுவதால் அழுத்தம் மேலும் குறைகிறது, காயில் கருகுகிறது. இத்தீய வட்டத்தைத் தனியொருவர் உடைக்க இயலாது. ஒரே டிரான்ஸ்பார்மரில் இணைந்த உழவர்கள் அனைவரும் ஒன்றுகூடி, மோட்டாருக்கு ஏற்ற கபாசிட்டரைப் பொருத்துதல் வேண்டும். 5 குதிரைத்திறனுக்கு 2 கே.வி.ஏ.ஆர். என்பது வழக்கமான அளவு. மின்சாரம் வந்தவுடன் ஆளில்லாமலே ஓடத் தொடங்கும் ஆட்டோ சுவிட்சைக் கைவிடுவதும் நலம். நள்ளிரவில் மடை உடைந்து ஓடும் நீர் எவருடைய பயிருக்கும் உதவுவதில்லை.

சொட்டுநீர்ப் பாசனத்திற்குச் சிறு, குறு உழவர்களுக்கு நூறு சதவீதமும், ஏனையோருக்கு 75 சதவீதமும் மானியம் வழங்கப்படுகிறது. மண் வாய்க்காலில் ஊறிப்போகும் நீர், முதலில் மின்சாரம் செலவழித்து ஏற்றப்பட்ட நீரே. அது வேருக்கு நேரே சென்றால் மோட்டார் ஓடும் நேரம் குறையும்.

ஊராட்சி செய்யத்தக்கவை

உழவருக்கு மின்சாரம் இலவசம், ஊராட்சிக்கு அவ்வாறன்று. தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் ஊராட்சி கட்டணம் செலுத்துகிறது. ஆகவே, ஊராட்சி மிச்சப்படுத்தும் ஒவ்வொரு யூனிட்டும் ஊர்ப்பணமே.

நூறு பழைய குழல் விளக்குகள் எரியும் ஊராட்சியை எடுத்துக்கொள்வோம். விளக்குக்கு 40 வாட், சோக்குக்குப் பன்னிரண்டு வாட் என ஒன்றுக்கு 52 வாட். இரவுக்குப் பன்னிரண்டு மணி நேரம் எரிந்தால் 62 யூனிட் செலவாகும். 20 வாட் எல்.இ.டி. விளக்குகளாயின் 24 யூனிட்டே ஆகும். ஓர் ஆண்டில் ஏறத்தாழ 14,000 யூனிட் மிச்சம். உங்கள் ஊராட்சியின் மின்கட்டண ரசீதில் உள்ள வீதத்தால் இதைப் பெருக்கிப் பார்த்தால், பள்ளிக்கூடத்திற்கோ, அங்கன்வாடிக்கோ, பாதைக்கோ ஆகக்கூடிய தொகை கண்ணுக்குத் தெரியும். எல்.இ.டி. போட்டுவிட்டோம் என்று இருந்துவிடவும் கூடாது. பொழுது விடிந்தபின் நாள்தோறும் ஒரு மணி நேரம் அந்நூறு விளக்குகளும் எரிந்தால், ஆண்டுக்கு 730 யூனிட் பகல் வெளிச்சத்தில் கரைந்துபோகும்.

குடிநீர் மோட்டாருக்கு வருவோம். 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டிக்கு, நிலத்தடியிலிருந்து தொட்டியின் உச்சி வரை 60 மீட்டர் உயரம் நீரேற்ற வேண்டும் என்று கொள்வோம். திறன் குன்றிய பம்பு ஒருமுறை நிரப்ப ஏறத்தாழ 20 யூனிட் எடுக்கும். நல்ல பம்பு 11 யூனிட்டில் முடித்துவிடும். நாளைக்கு இருமுறை நிரப்பினால், ஓராண்டில் ஆறாயிரம் யூனிட்டுக்கு மேல் வேறுபாடு உண்டாகும். இதைக் கண்டறிய வல்லுநர் எவரும் வரவேண்டுவதில்லை. தொட்டி இயக்குபவர் மோட்டாரைப் போடுமுன்னும் நிறுத்தியபின்னும் மின் அளவியின் எண்ணைக் குறித்துவைத்தால் போதும். கடந்த மாதம் 12 யூனிட்டில் நிரம்பிய தொட்டி இம்மாதம் 16 யூனிட் கேட்குமாயின், பம்பு தேய்ந்துள்ளது, அல்லது குழாய் ஒழுகுகிறது, அல்லது நீர்மட்டம் இறங்கியுள்ளது. மூன்றில் எதுவாயினும் ஊராட்சி உடனே அறியவேண்டிய செய்தியே. தொட்டி நிரம்பி வழிய இருபது நிமிடம் மோட்டார் ஓடினால், 5 குதிரைத்திறனுக்கு ஒன்றரை யூனிட் வீண். நாள்தோறும் நிகழுமாயின் ஆண்டுக்கு ஐந்நூறு யூனிட்டைக் கடந்துவிடும்.

இக்கணக்கில் கருத்து வைத்த ஊராட்சி எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதற்கு, கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி எடுத்துக்காட்டு. குடிநீர் இறைக்கும் மின்செலவு பெருகியபோது, அவ்வூராட்சி முதலில் மரக்கழிவிலிருந்து எரிவாயு உண்டாக்கி மோட்டாரை இயக்கிப் பார்த்தது. பின்னர் 2006-ஆம் ஆண்டில், தன் நிதியோடு வங்கிக் கடனும் சேர்த்து, ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக அமைத்தது. எல்லா ஊராட்சிகளும் காற்றாலை வாங்க இயலாது. ஆனால் அதன் முதற்படியான செலவுக் கணக்கைப் பார்ப்பது எல்லோருக்கும் இயலும்.

கூடி வாங்குதலின் பயனுக்கும் இவ்வூரிலேயே முன்மாதிரி உண்டு. 1904-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம், நாட்டின் முதல் நுகர்வோர் கூட்டுறவுச் சங்கமாகப் போற்றப்படுகிறது. தனித்தனியே சில்லறையாக வாங்குவதைவிட, ஒன்றுசேர்ந்து மொத்தமாக வாங்கினால் தரமும் கிடைக்கும், விலையும் குறையும் என்பதே அதன் அடிப்படை. அதே முறையால்தான் எல்.இ.டி. பல்புகளின் விலையும் குறைந்தது. மத்திய அரசு நிறுவனம் நாடு முழுவதற்குமாக மொத்தமாகக் கொள்முதல் செய்தபோது, 2014-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை 2016-ஆம் ஆண்டில் 40 ரூபாய்க்கும் கீழே வந்தது. ஓர் ஒன்றியத்து ஊராட்சிகள் ஒன்றுகூடி விலைகேட்டால், விளக்கிலும் பம்பிலும் இத்தகைய பயனைப் பெறலாம்.

மிச்சம் எங்கே போகிறது?

இப்பொருளில் மிக முக்கியமானதை இறுதியில் கூறுகிறோம். 1865-ஆம் ஆண்டில் ஜெவன்ஸ் என்னும் ஆங்கிலப் பொருளியல் அறிஞர் ஓர் உண்மையைச் சுட்டிக்காட்டினார். நீராவி எந்திரங்கள் திறன் பெற்றுக் குறைந்த நிலக்கரியில் ஓடத் தொடங்கியபின், இங்கிலாந்தில் நிலக்கரிச் செலவு குறையவில்லை, மாறாக ஏறியது. மலிவானதால் எந்திரங்கள் பெருகின என்பதே காரணம்.

இது நம் தோட்டங்களிலும் நிகழக்கூடியதே. சொட்டுநீரால் பாதி நீர் மிச்சமான உழவர், அந்நீரைக் கொண்டு இன்னும் இரண்டு ஏக்கர் பயிர் வைத்தால், அவருக்கு வருவாய் உயரும்; கிணற்றுக்கோ மிச்சம் ஏதும் இராது. நல்ல பம்பு வந்தபின்னும் அதே நேரம் ஓட்டினால், நிலத்தடி நீர் முன்னிலும் விரைவாக இறங்கும். சூரிய சக்திப் பம்புக்கும் இது பொருந்தும். வெயிலுக்குச் செலவில்லை என்பதால் நீருக்கும் செலவில்லை என்று ஆகிவிடாது.

ஆகவே, மிச்சத்தைப் பங்கிடக் கற்கவேண்டும். மிச்சமாகும் நீரில் ஒரு பகுதி பயிருக்கு, ஒரு பகுதி கிணற்றுக்கு என்று ஊரார் கூடி முடிவு செய்தல் வேண்டும். மிச்சமாகும் மின்கட்டணத்தில் ஒரு பகுதியைக் குளம் தூர்வாரவும், வரத்துக் கால்வாயைச் செப்பனிடவும் ஒதுக்குதல் வேண்டும். அப்போது நீர்மட்டம் உயரும். மோட்டாரின் வேலை மேலும் குறையும். மறுபடியும் மிச்சம் பிறக்கும். ஆண்டுதோறும் கடனில் ஆழமாகும் கிணற்றை நம்பிய விவசாயம் ஒரு தலைமுறைக்கே தாங்கும். நிலைத்த பொருளாதாரம் என்று அறிஞர்கள் கூறுவது, நம் மக்களும் அதே நிலத்தில் அதே கிணற்றில் பயிர் செய்யக்கூடிய ஏற்பாட்டைத்தான்.

1973-ஆம் ஆண்டில் உலகெங்கும் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தபோது, எரிபொருள் வளம் மிகக் குறைந்த ஜப்பான் அதனையே பாடமாகக் கொண்டு, 1979-ஆம் ஆண்டில் எரிசக்திச் சிக்கனச் சட்டம் இயற்றியது. நம் நாட்டில் 2001-ஆம் ஆண்டில் அத்தகைய சட்டம் வந்தது. மின்சாதனங்களின்மீது நட்சத்திரக் குறியிடும் முறை 2006-ஆம் ஆண்டில் தொடங்கியது. சட்டம் சாதனத்தின்மீது நட்சத்திரத்தை ஒட்டும். மடையை நேரத்தில் அடைக்க ஊரார்தாம் வேண்டும்.

ஊர் திரும்பியதும் மூன்று செயல்களைத் தொடங்குமாறு வேண்டுகிறோம். ஒன்று, ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, நிரப்ப ஆகும் யூனிட்டை நாள்தோறும் எழுதுதல். இரண்டு, ஒரு டிரான்ஸ்பார்மரைச் சேர்ந்த உழவர்கள் ஒரு நாள் கூடி, தத்தம் பம்புகளைப் பீப்பாய் கொண்டு அளந்து பார்த்தல். மூன்று, மார்ச்சு 22-ஆம் நாள் உலகத் தண்ணீர் தினக் கிராம சபையில், வரவு செலவோடு சேர்த்து மின்சாரக் கணக்கையும் கிணற்று நீர்மட்டக் கணக்கையும் உரக்கப் படித்தல். இரண்டையும் அடுத்தடுத்து ஊரார் கேட்டால், எது ஏறியது, எது இறங்கியது என்பதை அவர்களே கண்டுகொள்வர். அதன்பின் என்ன செய்யவேண்டும் என்பதை அதிகாரிகள் சொல்லவேண்டிய தேவை இராது.